764 ஜூல்: ஒரு குண்டு எறிதலின் வரவு செலவு

2023 மே 27 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ரையன் க்ரௌசர் எறிந்த குண்டு 23.56 மீட்டர் தள்ளிப்போய் விழுந்தது. ஆண்கள் குண்டு எறிதலில் அது புதிய உலக சாதனை. குண்டின் எடை 7.26 கிலோ. அவர் நின்று சுழன்ற வட்டத்தின் விட்டம் 2.135 மீட்டர். 2021-இல் அவரே படைத்திருந்த சாதனை 23.37. அதற்கு முன்பிருந்தது ராண்டி பார்ன்ஸ் 1990-இல் எறிந்த 23.12. ஆக, 33 ஆண்டுகளில் உலகம் முன்னேறியது மொத்தம் 44 சென்டிமீட்டர்.

அந்த 44 சென்டிமீட்டரின் விலை எவ்வளவு? கணக்குப் போட்டால் 15 ஜூலுக்குக் கொஞ்சம் மேலே வரும். பார்ன்ஸ் குண்டுக்குக் கொடுத்தது குறைந்தது 749 ஜூல், க்ரௌசர் கொடுத்தது குறைந்தது 764 ஜூல். வேகத்தில் பார்த்தால் நொடிக்கு 14.36 மீட்டர் 14.51 ஆனது. இந்த எண்களை எடுக்க அதிவேகக் கேமரா தேவையில்லை. எறிந்த தூரம், கையை விட்ட உயரம், குண்டின் எடை ஆகிய மூன்றும் போதும். உயரத்தை மட்டும் நான் எல்லா வீரர்களுக்கும் 2.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். க்ரௌசர் 2.01 மீட்டர் உயரமுள்ளவர் என்பதால் அவருக்கு இது கொஞ்சம் கூடலாம். அதனால் கணக்கின் போக்கு மாறாது.

தமிழ்நாட்டுப் பிளஸ் ஒன் இயற்பியலில் எறிபொருள் இயக்கம் 2-ஆவது அலகில் வருகிறது. வேலை, ஆற்றல், திறன் 4-ஆவது அலகில். தேர்விலும் இரண்டுக்கும் தனித்தனிக் கேள்விகள். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துப் போட்டுப் பார்க்கும் பழக்கம் மாணவருக்கு வராமலே போய்விடுகிறது. அது பெரிய இழப்பு. சேர்த்துப் போட்டால் ஒரு பக்கக் கணக்கு நான்கு வரியில் முடியும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு சென்டிமீட்டரும் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும்.

முதலில் குண்டின் பேரேட்டைத் திறப்போம். தரைமட்டத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டால்:

கையை விடும்போது இயக்க ஆற்றல்: 764 ஜூல்
2.2 மீட்டர் உயரத்தில் இருப்பதற்கான நிலை ஆற்றல்: 157 ஜூல்
மொத்த இருப்பு: 921 ஜூல்
உச்சியில், 7.06 மீட்டர் உயரத்தில்: நிலை ஆற்றல் 503, இயக்க ஆற்றல் 418
தரையைத் தொடும்போது: முழுவதும் இயக்க ஆற்றல், 921 ஜூல்

921 ஜூல் இருப்பில் விழும் 7.26 கிலோ குண்டின் வேகம் நொடிக்கு 15.93 மீட்டர், அதாவது மணிக்கு 57 கிலோமீட்டர். கையை விட்டபோது மணிக்கு 52. இந்த இரண்டு வேகங்களையும் சொல்ல எறிகோணம் தேவைப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 30°-இல் எறிந்தாலும் 60°-இல் எறிந்தாலும், அதே 764 ஜூலோடு கிளம்பினால் தரையில் அதே 15.93 தான். ஆற்றல் கணக்குக்குத் திசை தெரியாது. அதன் பலமும் அதுதான்.

திசை எங்கே உள்ளே வருகிறது? ஒரு தாளில் விடும் வேகத்தை அம்புக்குறியாக வரையுங்கள். அதே புள்ளியிலிருந்து விழும் வேகத்தை இன்னோர் அம்புக்குறியாக வரையுங்கள். இரண்டின் முனைகளையும் ஒரு கோட்டால் இணைத்தால் அந்தக் கோடு செங்குத்தாகத்தான் நிற்கும். பறந்த நேரம் முழுக்க வேகத்தை மாற்றியது புவியீர்ப்பு ஒன்றே. அது இழுப்பதோ நேர்கீழாக. கோட்டின் நீளம் 9.81-ஐப் பறந்த நேரத்தால் பெருக்கியது. இப்போது ஒரு முக்கோணம் கிடைத்துவிட்டது. செங்குத்துக் கோட்டை அடிப்பக்கமாக வைத்தால் முக்கோணத்தின் உயரம் கிடைத்தள வேகம். ஆகவே பரப்பு, 9.81 × நேரம் × கிடைத்தள வேகம் என்பதில் பாதி. நேரத்தையும் கிடைத்தள வேகத்தையும் பெருக்கினால் வருவது குண்டு போன தூரம். அப்படியானால் முக்கோணம் பெரிதாக ஆகத் தூரமும் கூடும்.

முக்கோணத்தின் இரண்டு பக்கங்களின் நீளத்தை ஆற்றல் கணக்கு முன்பே தீர்மானித்துவிட்டது: 14.51, 15.93. மீதி இருப்பது நடுவில் உள்ள கோணம் மட்டும். இரண்டு பக்கங்கள் நிலையாக இருக்கும்போது, அவற்றுக்கிடையே 90° இருந்தால்தான் பரப்பு அதிகபட்சம். இதை எட்டாம் வகுப்பு மாணவரும் வரைந்தே கண்டுபிடிக்கலாம். ஆக மிக அதிகத் தூரத்துக்கான விதி இதுதான்: விடும் வேகம் × விழும் வேகம் ÷ 9.81. போட்டுப் பாருங்கள். 14.51 × 15.93 ÷ 9.81 = 23.56.

நான் மேலே சொன்ன வேகத்தையும் இப்படித்தான் எடுத்தேன். இரண்டு வேகங்களின் பெருக்கம் 23.56 × 9.81, அதாவது 231.1. இரண்டின் வர்க்கங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 2 × 9.81 × 2.2, அதாவது 43.2. ஓர் இருபடிச் சமன்பாடு, முடிந்தது கதை. வகைநுண்கணிதம் வேண்டாம், பறந்த நேரத்தைக் கண்டுபிடித்துப் பிரதியிடவும் வேண்டாம். எறிகோணம் 42.3°, தரையைத் தொடும் கோணம் 47.7°. கூட்டினால் 90.

இங்கே 45° எங்கே போனது என்று கேட்பார்கள். 1537-இல் இத்தாலியின் தார்த்தாலியா பீரங்கிக்கு அந்தக் கோணத்தைச் சொன்னார். 1638-இல் கலிலியோ அதைப் பரவளையத்தோடு சேர்த்து நிறுவினார். கிளம்பும் மட்டமும் விழும் மட்டமும் ஒன்றாக இருந்தால் மட்டுமே 45° சரி. குண்டோ தோளுக்கு மேலே கிளம்பித் தரையில் விழுகிறது. அதே வேகத்தில் 45°-இல் எறிந்தால் 23.47 மீட்டர், இழப்பு 9 சென்டிமீட்டர்தான். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் 45-ஐ மந்திரம்போல மனப்பாடம் செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. உச்சப் புள்ளிக்கு அருகே எந்தக் கணக்கும் தட்டையாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று பாகை தவறினால் குடி முழுகாது.

வேகம் அப்படியல்ல. நூற்றுக்கு ஒரு பங்கு வேகம் கூடினால், அதாவது 14.51 என்பது 14.65 ஆனால், தூரம் 43 சென்டிமீட்டர் ஏறும். கோணத்தில் 5° தவறினால் போவதைவிட இது அதிகம். கையை விடும் உயரம் 10 சென்டிமீட்டர் கூடினால் கிடைப்பது 9 சென்டிமீட்டர். வீரரின் உடல் உயரம், கோணம், வேகம் ஆகிய மூன்றில் பயிற்சிக்காலத்தின் பெரும்பகுதியை எதற்குச் செலவிட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

ஆனால் உலகின் முன்னணி வீரர்கள் 42°-இல் எறிவதில்லை. பெரும்பாலும் 35 முதல் 38 பாகைக்குள் எறிகிறார்கள். அவர்களுக்குக் கணக்குத் தெரியவில்லையா? கணக்கு இன்னும் முடியவில்லை என்பதே உண்மை. 37°-இல் எறிந்து 23.56 மீட்டரைத் தொட வேண்டுமானால் நொடிக்கு 14.63 மீட்டர் வேகம் வேண்டும். அது 777 ஜூல். சிறந்த கோணத்துக்குத் தேவையான 764-ஐவிட 13 ஜூல் கூடுதல். அந்தக் கூடுதலை யார் தருகிறார்கள்? கடைசித் தள்ளலில் கை குண்டைச் சுமார் 1.6 மீட்டர் நீளத்துக்குத் தள்ளுகிறது என்று வைப்போம். 42.3°-இல் தள்ளினால் அந்த நேரத்தில் குண்டு மேலேறும் உயரம் 1.08 மீட்டர், 37°-இல் 0.96 மீட்டர். குண்டின் எடை 71 நியூட்டன். ஏற்றக்கூலியில் மட்டும் 8 ஜூல் மிச்சம். தேவைப்பட்ட 13-இல் 8 இப்படியே வந்துவிடுகிறது. மீதி 5 ஜூலை மார்புத் தசையும் தோளும் தருகின்றன. கை மேல்நோக்கித் தள்ளுவதைவிட முன்னோக்கித் தள்ளும்போது பலம் அதிகம் என்பது எடைப்பயிற்சி செய்யும் யாருக்கும் தெரியும். குண்டு கையை விட்ட பிறகு நடப்பதை எறிபொருள் பாடம் சொல்கிறது. விடுவதற்கு முன் நடப்பதை ஆற்றல் பாடம் சொல்கிறது. வீரரின் உடம்புக்கு இரண்டும் சேர்ந்த பதில்தான் வேண்டும்.

வழுக்கும் முறையில் எறிபவரைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். வட்டத்தின் பின்விளிம்பிலிருந்து பின்னோக்கித் தாவி நடுவுக்கு வரும்போது குண்டின் வேகம் நொடிக்குச் சுமார் 2.5 மீட்டர். அப்போது குண்டில் இருப்பது வெறும் 23 ஜூல், மொத்தத்தில் 3 சதவீதம். இதற்கா இத்தனை பாடு? குண்டின் ஏட்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 130 கிலோ எடையுள்ள வீரரின் உடம்பும் அதே 2.5 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. அதில் இருப்பது 406 ஜூல். இடது கால் முன்பலகையில் ஊன்றி உடம்பை நிறுத்தும்போது, அந்த 406-இல் ஒரு பகுதி இடுப்பு, தோள், முழங்கை வழியாகக் குண்டுக்குக் கைமாறுகிறது. கால் ஊன்றாமல் வழுக்கினால் அந்தப் பணம் அப்படியே வீண். பள்ளி மைதானங்களில் நான் அதிகம் பார்க்கும் நஷ்டமும் இதுதான்.

காற்றுக்கு எவ்வளவு? 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை அந்த வேகத்தில் பறக்கும்போது காற்று பிடித்துக்கொள்வது சுமார் 15 ஜூல். தூரத்தில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். புவியீர்ப்பும் ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் 9.783, ஹெல்சின்கியில் 9.819. அதே கை, அதே வேகம், அதே கோணம் என்றால் சென்னையில் குண்டு 8 சென்டிமீட்டர் கூடுதலாகப் போகும். சாதனைப் பட்டியலில் இதற்குக் கழிவு எதுவும் கிடையாது.

நம் நாட்டுக் கணக்கையும் பார்த்துவிடலாம். தஜிந்தர்பால் சிங் தூர் 2023 ஜூனில் புவனேஸ்வரத்தில் 21.77 மீட்டர் எறிந்து தேசிய சாதனை படைத்தார். அதே 2.2 மீட்டர் உயரத்தை வைத்தால் வேகம் 13.90, ஆற்றல் 701 ஜூல். க்ரௌசருக்கும் அவருக்கும் நடுவே தூரத்தில் 1.79 மீட்டர், ஆற்றலில் 63 ஜூல். பெண்கள் குண்டு 4 கிலோ. நதாலியா லிசோவ்ஸ்கயா 1987-இல் மாஸ்கோவில் எறிந்த 22.63 மீட்டருக்கு, உயரம் 2 மீட்டர் என்று வைத்தால், வேகம் 14.26. ஆற்றல் 406 ஜூல். வேகம் கிட்டத்தட்ட ஆண்களுடையதே, ஆற்றல் பாதிதான். பறக்கும் பாதையின் சமன்பாட்டில் நிறை அடிபட்டுப் போகும், எறிபவரின் உழைப்பில் அடிபடாது. மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது.

அதே 7.26 கிலோவைச் சங்கிலிக் குண்டாக எறிந்தால் பேரேடே மாறிப்போகும். யூரி செதிக் 1986 ஆகஸ்ட் 30 அன்று ஸ்டுட்கார்ட்டில் எறிந்தது 86.74 மீட்டர். காற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் குறைந்தது நொடிக்கு 28.9 மீட்டர் வேகம், 3,030 ஜூல். குண்டு எறிதலைப் போல நான்கு மடங்கு. வட்டத்தின் விட்டமும் அதே 2.135 தான். மனித பலம் நான்கு மடங்கு ஆகிவிடவில்லை; விசை வேலை செய்யும் பாதை நீண்டுவிட்டது. குண்டைக் கை தள்ளுவது ஒன்றரை மீட்டர் சொச்சம். சங்கிலிக் குண்டோ தலைக்குமேல் வீச்சுகள் போக, உடம்போடு சேர்ந்து மூன்று நான்கு முறை முழு வட்டமடிக்கிறது. ஆரம் 1.9 மீட்டர் என்றால் ஒரு சுற்றே 12 மீட்டர். அதற்கு ஒரு விலையும் உண்டு: கடைசிச் சுற்றில் கைகளை இழுக்கும் விசை சுமார் 3,190 நியூட்டன். 325 கிலோ எடை கையில் தொங்குவதற்குச் சமம்.

ஈட்டியில் இந்தக் கணக்கு முழுசாகச் செல்லாது. 800 கிராம் ஈட்டியைக் காற்று தடுக்கவும் செய்யும், தாங்கவும் செய்யும். 1984 ஜூலை 20 அன்று கிழக்கு பெர்லினில் உவே ஹோன் எறிந்த ஈட்டி 104.80 மீட்டர் போனது. மைதானத்துக்குள் ஈட்டி அடங்குமா என்ற பயம் வந்துவிட்டது. 1986 முதல் ஆண்கள் ஈட்டியின் புவியீர்ப்பு மையத்தை 4 சென்டிமீட்டர் முன்னால் தள்ளினார்கள். முனை சீக்கிரம் கீழே சாயத் தொடங்கியது. புதிய ஈட்டியில் அந்த ஆண்டு கிளாஸ் டாஃபெல்மயர் படைத்த உலக சாதனை 85.74. கையின் ஜூல் ஒன்றும் குறையவில்லை, சாதனைப் புத்தகத்தில் 19.06 மீட்டர் காணாமல் போனது. அதையும் மீறி ஒரு தோராயம் போட ஆசைப்படுபவர்களுக்கு: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அர்ஷத் நதீம் 92.97, நீரஜ் சோப்ரா 89.45. காற்றே இல்லை என்று வைத்தால் 357 ஜூல், 343 ஜூல். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே 14 ஜூல். 1.4 கிலோ எடையை ஒரு மீட்டர் தூக்கும் வேலை அது.

ஆற்றல் கணக்கு தன் முழு அழகையும் காட்டுவது கோலூன்றித் தாண்டுதலில். ஓடும் வேகம் இங்கே கோல் வழியாக உயரமாக மாறுகிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுபவரின் இயக்க ஆற்றல் அவரது உடலை 5.1 மீட்டர் உயர்த்தப் போதும். எடை என்னவாக இருந்தாலும் சரி. ஓடும்போதே உடலின் நிறை மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டரில் இருக்கிறது. 2025 செப்டம்பரில் டோக்கியோவில் அர்மாண்ட் டூப்ளாண்டிஸ் தாண்டிய 6.30 மீட்டருக்கு 5.30 மீட்டர் ஏற வேண்டும். கணக்கு கேட்கும் வேகம் 10.2. அவர் உண்மையிலேயே 10-ஐத் தாண்டி ஓடுபவர். கம்பியைக் கடக்கும்போது கொஞ்சம் முன்வேகம் மிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் கம்பி மேலேயே விழ வேண்டியதுதான். நொடிக்கு 1.2 மீட்டர் மிச்சம் வைத்தால் செலவு 7 சென்டிமீட்டர் உயரம். அந்த 7-ஐயும் கோல் வளையும்போது இழப்பதையும் கையும் தோளும் இழுத்து ஈடுகட்டுகின்றன.

2022 தேசிய விளையாட்டுப் போட்டியில், காந்திநகரில், தமிழ்நாட்டின் எஸ். சிவா 5.31 மீட்டர் தாண்டினார். அதே முறையில் போட்டால் வேகம் 9.2. டூப்ளாண்டிஸோடு உள்ள வித்தியாசம் நொடிக்கு 1 மீட்டர் வேகம், 99 சென்டிமீட்டர் உயரம். இந்தப் போட்டியில் வேகத்தில் 0.1 கூடினால் உயரத்தில் 10 சென்டிமீட்டர் கூடும் என்று தாராளமாக வைத்துக்கொள்ளலாம். கோலில் கைவைக்கும் முன் ஓட்டப்பயிற்சி என்று பயிற்றுநர்கள் சொல்வது வெறும் வழக்கம் அல்ல. மூங்கில் கோலோடு கார்னீலியஸ் வார்மர்டாம் 1942-இல் தொட்டது 4.77. கண்ணாடியிழைக் கோல் வந்தபின் 1963-இல் பிரையன் ஸ்டெர்ன்பெர்க் 5 மீட்டரை எட்டினார். அதிகம் வளைந்து, வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தரும் கோல் செய்த வேலை அது.

நீளம் தாண்டுதலில் அதே வேகம் இருந்தும் அந்த மாற்றம் நடக்காது. 10 மீட்டர் வேகத்தில் ஓடி 45°-இல் எழும்பினால் தாளில் 10 மீட்டருக்கு மேல் வரும். ஆனால் பலகையில் கால் இருப்பது சுமார் 0.12 நொடி. அதற்குள் மேல்நோக்கி 7 மீட்டர் வேகம் பெற, ஒற்றைக் கால் உடல் எடையைப் போல 7 மடங்கு விசையைச் சராசரியாகத் தாங்க வேண்டும். 3.3 மீட்டர் வேகத்துக்கு ஏறக்குறைய 4 மடங்கு போதும். அதனால்தான் தாண்டுபவர்கள் 20°-ஐ ஒட்டியே எழும்புகிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்து முதலூரின் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023 மார்ச் 2 அன்று 8.42 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தது அப்படிப்பட்ட தாழ்ந்த கோணத்தில்தான். கையில் இருப்பு இருந்தும் மாற்றிக்கொள்ள நேரமில்லாத கணக்கு இது.

இவ்வளவும் பள்ளிக்கூடத்தில் செய்து பார்க்கக்கூடியவை. ஒரு மாணவி 4 கிலோ குண்டை 1.6 மீட்டர் உயரத்திலிருந்து 10 மீட்டர் எறிகிறாள் என்று வைப்போம். குறைந்தபட்ச வேகம் 9.15, ஆற்றல் 167 ஜூல், சிறந்த கோணம் 40.5°, பறக்கும் நேரம் 1.44 நொடி. ஒரு சிறிய இட்லியில் 40 கிலோகலோரி என்றால் அது 1,67,000 ஜூல். உடம்பு நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்று வைத்தாலும் 250 எறிதலுக்குக் காணும். பறந்த நேரத்தைக் கைபேசியில் எடுத்து, தூரத்தை நாடாவால் அளந்தால் உண்மையான வேகமும் கோணமும் வந்துவிடும். அதை 167-ஓடு ஒப்பிட்டால் அவள் எத்தனை ஜூலைக் கோணத்தில் இழந்தாள் என்பது தெரியும். உதாரணமாக 30°-இல் எறிந்து அதே 10 மீட்டரைத் தொட்டிருந்தால் 177 ஜூல் செலவழித்திருக்கிறாள். 10 ஜூல் அதிகம்.

இயற்பியல் ஆசிரியர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2-ஆவது அலகும் 4-ஆவது அலகும் முடிந்த வாரத்தில் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து மைதானத்தில் நடத்துங்கள். தேவைப்படுபவை ஒரு 30 மீட்டர் நாடா, ஒரு குண்டு, ஒரு கைபேசி. எறியும் பகுதியில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மாணவர் எறியும் குண்டும் தரையைத் தொடும்போது கையை விட்டதைவிட வேகமாகத்தான் வருகிறது.